சங்கு ஊதாத இருபத்தொன்பது நிமிடம்

பதுளைச் சிறைச்சாலை
24.11.2024

யசோதினிக்கு,

எட்டு மாதமாக நீ என்னோடு பேசவில்லை. போனை எடுக்கவில்லை, மெசேஜுக்குப் பதில் இல்லை. இப்போது என்னிடம் போனும் இல்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கிழி.

நடந்ததை டிவியில் பார்த்திருப்பாய். ஆனாலும் என் வாயால் கேள். ஐந்தாம் திகதி செவ்வாய்க்கிழமை காலையில் தோட்டத்தில் நம் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் பத்தாம் லயத்துக்கு மேலிருந்த மலை இறங்கியது. நான் முதல் நாளே பள்ளிக்கூட வேலையாக ஹல்துமுல்லைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டேன். இரவிலிருந்தே மழை. விடியற்காலை ஐந்து மணிக்கே போன் டவர் செத்துவிட்டது, ஒருவரையும் பிடிக்க முடியவில்லை. பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மீதி நாலு மைலை ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது லயம் இருந்த இடத்தில் சேறு. பதினொரு பேர் உள்ளே. என் அண்ணியும், அண்ணன் மகள் மதுஷாவும் உள்ளே.

கையாலும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியாலும் தோண்டினோம். பத்து மணிக்கு மதுஷா கிடைத்தாள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். ஒரு பக்கம் சடை பின்னி ரிப்பன் கட்டியிருந்தது, மறுபக்கம் பின்னவில்லை. வாய் நிறையச் சேறு. விரலை விட்டுத் தோண்டினேன் யசோ. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.

சங்கு ஊதவில்லை. நீயும் நானும் இரண்டு வருஷம் பாடுபட்டு கோயில் கோபுரத்தில் மாட்டிய சங்கு. மழை எல்லை தாண்டினால் தானாக ஊதும், ஊதினால் எல்லாரும் மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவரவேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தோமே, அந்தச் சங்கு. கோயிலுக்கு ஓடிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து சங்குக்கு வரும் வயர் அறுந்து தொங்கியது.

யார் அறுத்தது என்று நான் யோசிக்கவே இல்லை. ஆகஸ்ட் மாதம் அது இரண்டு தரம் சும்மா ஊதி, கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடியபோது, தோட்டத்து வேலையை மேய்க்கும் கணக்கப்பிள்ளை வீரசிங்கம் எல்லார் முன்னாலும் சொன்னான். “இன்னொரு தரம் ஊதுச்சுன்னா வயர அறுத்து வாத்தியார் கழுத்துலயே மாட்டுறேன்” என்று என்னைக் காட்டினான். நூறு பேர் கேட்டிருக்கிறார்கள்.

அவன் பெரட்டுக்களத்தில், காலையில் பேர் கூப்பிடும் அதே இடத்தில், செத்தவர்கள், காணாமல் போனவர்களின் பேரைக் கொப்பியில் எழுதிக்கொண்டு நின்றான். நான் போனபோது மதுஷாவின் பேரை எழுதிக்கொண்டிருந்தான். அந்தக் கையைத்தான் வெட்டினேன். முதல் வெட்டு எலும்பில் நின்றது. இரண்டாவதில் மணிக்கட்டோடு போனது. பேனா அந்த விரலிலேயே இருந்தது. மூன்றாவது வெட்டைக் கழுத்துக்கு ஓங்கினேன், அதற்குள் பிடித்துவிட்டார்கள். பிடித்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

என் லோயர் பேர் றினாஸ். பண்டாரவளைக்காரர், நல்ல மனிதர். அவருக்கு உன்னிடமிருந்து ஒரு தாள் வேண்டும். புரோகிராமை எழுதியவள் நீ. அதில் ஒரு பிழையும் இல்லை, வயரை அறுக்காமல் சங்கு நிற்க வழியே இல்லை என்று நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். பதினொரு உயிருக்கு அவன் பதில் சொல்லவேண்டிவரும். என்னுடையது ஆத்திரத்தில் நடந்ததாகிவிடும். கேஸ் பெப்ரவரி பதினேழாம் திகதி.

மார்ச் மாதம் நான் உன்மேல் கை நீட்டியது தப்பு. இப்போது சொன்னால் காரியத்துக்காகச் சொல்கிறான் என்பாய். என்னவோ நினைத்துக்கொள்.

ஜெயரூபன்

*

வத்தளை
4.12.2024

ரூபன் மச்சானுக்கு,

முழுவதையும் வாசித்தேன். நாலு தரம் வாசித்தேன். கிழிக்கவில்லை.

‘நீ’ என்று எழுத மனம் வரவில்லை, ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன். சொந்த அத்தை மகன் என்ற உரிமையையெல்லாம் மார்ச் மாதம் ஹாலிஎல ரயில் ஸ்டேசனில் நீங்களே முடித்துவைத்துவிட்டீர்கள். கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். அத்தனை சனத்துக்கு முன்னால் அறைந்தீர்கள். வலது காதுக்குள் இன்னும் ஒரு இரைச்சல் இருக்கிறது. பெரிய சண்டியர்!

மதுஷாவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவளுக்குக் கடைசியாக நான் வாங்கிக் கொடுத்தது ஒரு கலர்ப் பென்சில் பெட்டி. மஞ்சள் பென்சிலை மட்டும் தேய்த்துத் தேய்த்து முடித்துவிட்டு இன்னொரு மஞ்சள் கேட்டாள். போனில் கேட்டாள். வரும்போது கொண்டுவருகிறேன் என்றேன். உங்கள் முகத்தில் முழிக்கக் கூடாது என்று நான் வரவே இல்லை.

ஒரு மனிதனின் கையை வெட்டிவிட்டு, பேனா விரலில் இருந்ததுவரை எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், வீரசிங்கம்தான் வயரை அறுத்தார் என்றால் நானும் உங்கள் பக்கம்தான். ஒரு கை போதாது என்றுதான் எனக்கும் தோன்றும்.

தாள் எழுதித் தருகிறேன். பார்க்காமல் எழுதமாட்டேன். பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது, அங்கே மற்றவற்றைக் கிளப்பும் நம் தாய் புரோகிராம் ஓடிய பழைய கம்பியூட்டர் பத்திரமாக இருக்கும். எந்த நிமிடம் என்ன நடந்தது என்று அது எழுதி வைத்திருக்கும். உங்கள் அண்ணன் முருகையா மச்சானிடம் சொல்லி அதை பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லுங்கள். பாவம், பெண்டாட்டி பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் இந்த வேலையையா சொல்வது என்றிருக்கிறது. வேறு ஆள் இல்லை.

இன்னொன்று. தாயின் கீழ் நாம் வைத்தது மூன்று புரோகிராம். செப்டெம்பர் மாதம் தாய் கிளப்பும் பட்டியலில் நாலாவதாக ஒன்று ஏறியிருந்ததை இங்கிருந்தே பார்த்தேன். அது என்ன?

யசோதினி

*

பதுளைச் சிறைச்சாலை
15.12.2024

யசோவுக்கு,

நீ ‘நீங்கள்’ போட்டாலும் சரி, ‘மாண்புமிகு’ போட்டாலும் சரி, தாளைக் கொடு.

கம்பியூட்டரைச் சாக்கில் கட்டி அனுப்பிவிட்டதாக அண்ணன் வந்து சொன்னார். அண்ணன் இளைத்துப்போய்விட்டார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒரே ஒரு விஷயம்தான் பேசினார். போன ஞாயிற்றுக்கிழமை பத்தாம் லயத்தில் மிஞ்சியவர்கள் எல்லாரும் சேர்ந்து வீரசிங்கத்தின் குவாட்டர்ஸுக்குப் போனார்களாம். ஜன்னலெல்லாம் தூள். அலுமாரியை இழுத்துப்போட்டு எரித்தார்கள். மறிக்க வந்த அவன் சம்சாரத்தின் தலையில் யாரோ விறகுக்கட்டையால் போட்டிருக்கிறார்கள், பதினாலு தையல். அவன் அப்போதும் ஆஸ்பத்திரியில்தான் கிடந்தான். கிடக்கட்டும். எனக்கு இரக்கம் வரவில்லை. கேட்கக் கேட்க நெஞ்சுக்கு இதமாக இருந்தது.

இங்கேயும் என் கதை தெரியும். கொஸ்லந்தைப் பக்கத்து ஆள் ஒருவன் இருக்கிறான், அவன் தன் சோற்றுக்கு வந்த மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தான். “என்னா வாத்தியாரே, தலையப் பாத்துப் போடாம கையில போட்டுட்டீங்களே” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். நவம்பர் ஐந்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

நாலாவது என்ன என்று கேட்டாய். அது மெசேஜ். சும்மா ஊதி வேலை கெடுகிறது என்று அவன் குதித்தான் அல்லவா, தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்லிச் சங்கையே கழற்றப் பார்த்தான். கடைசியில், “ஊதுற நேரத்துல மொத எம்போனுக்குச் செய்தி வரணும், அப்பன்னா இருக்கட்டும்” என்று இறங்கி வந்தான். சரி, தொலையட்டும் என்று கம்பியூட்டரில் செருகி மெசேஜ் அனுப்பும் ஒரு டொங்கிளை வாங்கி, சின்னப் புரோகிராம் ஒன்று எழுதி, உன் பட்டியலில் சேர்த்தேன். உன்னைக் கேட்டிருப்பேன். நீதான் போனை எடுக்கிற ஆள் இல்லையே.

இதையெல்லாம் தோண்டிக்கொண்டிருக்காதே. அறுந்த வயரை என் கண்ணால் பார்த்தேன். சீக்கிரம் எழுது.

ரூபன்

*

வத்தளை
6.1.2025

ரூபன்,

மெதுவாக வாசி. பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வாசி.

வயரை யாரும் அறுக்கவில்லை.

ஒன்பது நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வேறு எப்படியாவது இருக்கக்கூடாதா என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு பார்த்தேன். கம்பியூட்டர் எழுதி வைத்திருப்பது இதுதான். காலை 7:12க்கு மழை எல்லை தாண்டியது. தாய் புரோகிராம் நாலு இடத்திலிருந்த நாலு கம்பியூட்டர்களில் நாலு புரோகிராம்களைக் கிளப்பியது. மழையை அளப்பது ‘வந்துட்டேன்’ என்றது. மண் அசைவைப் பார்ப்பது ‘வந்துட்டேன்’ என்றது. சங்கும் ‘வந்துட்டேன்’ என்றது. உன் மெசேஜ் புரோகிராம் வாயே திறக்கவில்லை. 7:41 வரைக்கும் கோயில் வயரில் உயிர் இருந்திருக்கிறது. மலை இறங்கிய நிமிடத்தில்தான் அது அறுந்தது. சங்கு தயாராக நின்றது ரூபன். இருபத்தொன்பது நிமிடம் ஊதாமல் நின்றது.

ஏன் நின்றது என்று சொல்கிறேன். நாலையும் தனித்தனியாகக் கிளப்பியிருக்கலாம். அப்படிக் கிளப்பினால் ஒவ்வொன்றும் தனிக் கூட்டம், ஒன்றோடொன்று நேரே பேசாது, எல்லாம் தாய் வழியாகப் போய்வரவேண்டும். ஒரே உத்தரவில் சேர்த்துக் கிளப்பினால் நாலும் ஒரே கூட்டம், மண்ணைப் பார்ப்பது நேரே சங்குக்குச் செய்தி அனுப்பும். அழகான வித்தை. கெம்பஸில் படித்த நாளிலிருந்து அதை எங்கேயாவது செய்து காட்டவேண்டும் என்று எனக்கு வெறி. மழையை அளக்க ஒரு போத்தலும் ஊத ஒரு விசிலும் இருந்திருந்தால் நம் தோட்டத்துக்குப் போதும். தோட்டத்துப் பெட்டை என்னவெல்லாம் செய்கிறாள் பார் என்று நாலு பேர் சொல்லவேண்டும் என்று நான்தான் ஆடினேன்.

சேர்த்துக் கிளப்பினால் ஒரு சட்டம் இருக்கிறது. எல்லாம் பேர் சொன்னால்தான் கூட்டம் கூடும். ஒன்று சொல்லாவிட்டால் மற்றவை நின்ற இடத்தில் நிற்கும், தாயும் நிற்கும். பெரட்டிலாவது வராதவன் பேரை வெட்டிவிட்டு மற்றவர்களை மலைக்கு அனுப்பிவிடுவார்கள். நான் எழுதியதில் வெட்டுகிற ஏற்பாடு இல்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற கணக்கும் இல்லை. பேர் கூப்பிட்டால் வந்து நிற்பார்கள் என்றுதானே நாமெல்லாம் வளர்ந்தோம். வராமல் போகும் என்று என் புத்தியில் படவே இல்லை. ஆகஸ்டில் மூன்று புரோகிராம்தான், மூன்றும் வந்தன, ஊதியது.

உன் நாலாவது புரோகிராமையும் திறந்து பார்த்தேன். அது எடுத்த எடுப்பிலேயே டொங்கிளைக் கூப்பிட்டு, சிக்னல் கிடைக்கும்வரை காத்திருக்கிறது. ‘வந்துட்டேன்’ என்று சொல்லும் வரியை அதற்குக் கீழே போட்டிருக்கிறாய். டவர் ஐந்து மணிக்கே செத்துவிட்டது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அந்த வரியை நான் செப்டெம்பரிலேயே பார்த்திருக்கலாம். பட்டியலில் ஏறியிருந்ததைக் கண்டேன், திறக்கவில்லை. என்னைக் கேட்காமல் சேர்த்தவன் அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று மூடிவிட்டேன். ரோஷம். ஐந்து நிமிட வேலை. அதை நினைத்து நினைத்து இப்போது சோறு இறங்கவில்லை. அம்மா என்னடி என்னடி என்று கேட்கிறாள், என்ன சொல்ல?

நீ கேட்ட தாளை நான் தரமாட்டேன். ஒரு பாவமும் செய்யாத மனிதனின் கையை நீ வெட்டியிருக்கிறாய். அவர் வீட்டை எரித்திருக்கிறார்கள். அவர்தான் பதினொரு பேரைக் கொன்றார் என்று ஒரு தோட்டமே நம்பிக்கொண்டிருக்கிறது. இன்னும் என்ன செய்வார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீ உண்மையைச் சொல்லவேண்டும். நானும் சொல்கிறேன்.

யசோ

*

பதுளைச் சிறைச்சாலை
15.1.2025

யசோதினி,

பொய். அத்தனையும் பொய். ஸ்டேசனில் வாங்கிய அறைக்குப் பத்து மாதம் கழித்துப் பழிவாங்குகிறாய். நல்ல இடம் பார்த்து அடித்தாய்.

நேற்றுப் பொங்கல். கோயில் பக்கமிருந்து யாரோ சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் பங்கைச் சுவரில் அடித்தேன். அந்தக் கொஸ்லந்தைக்காரன், “வாத்தியாரே, வெட்டுன கைக்கு இன்னைக்கும் வெறி அடங்கலியா” என்று கேட்டான். அவன் மூக்கை உடைத்தேன். ரத்தம் சட்டையெல்லாம் தெறித்தது. நாலு பேர் சேர்ந்து பிடித்துக் கீழே போட்டார்கள். கீழே கிடந்தபடியும் மிதித்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கதையை நீ எவனிடமாவது சொன்னால், வெளியே வந்ததும் உன் வாயைக் கிழிப்பேன். எழுதிவிட்டேன். அந்த வரியை அடித்து அழிக்கப்போவதில்லை, வேறு தாள் இல்லை.

எப்படிப் பொய் என்று காட்டுவதற்காக என் புரோகிராமை ஞாபகத்திலிருந்து வரி வரியாக எழுதிப் பார்த்தேன். சிகரெட் பெட்டி அட்டையில் எழுதினேன். டொங்கிள் வரி முதலில்தான் வருகிறது. மூன்று தரம் எழுதினேன், மூன்று தரமும் முதலில்தான் வருகிறது. ஏன் முதலில் போட்டேன் என்றும் ஞாபகம் வந்துவிட்டது. அவனுக்குச் செய்தி தவறிவிடக்கூடாது, தவறினால் சங்கைக் கழற்றிவிடுவான், அதனால் டொங்கிள் தயாரான பிறகே மற்றதெல்லாம் என்று போட்டேன்.

பார்த்தாயா, அப்படிப் பார்த்தாலும் அவன் கேட்டதால்தானே? அவன் கேட்காவிட்டால் நாலாவது ஏது?

றினாஸிடம் ஒன்றும் சொல்லாதே. உனக்குக் கும்பிடு போடுகிறேன். அண்ணன் என்னைக் கம்பிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார். ‘எம்புள்ளைக்காக நீ ஒருத்தன்தான்டா நியாயம் கேட்ட’ என்கிறார். அவரிடம் போய் நான் எதைச் சொல்வேன்? செத்துப்போகச் சொல், செத்துப்போகிறேன். இதைச் சொல்லச் சொல்லாதே.

ரூபன்

*

பதுளை ஆஸ்பத்திரி
2.2.2025

ரூபன்,

எழுத்துக் கோணலாக இருக்கும். தோள் எலும்பு முறிந்திருக்கிறது, படுத்தபடி எழுதுகிறேன்.

தைப்பூசம் வரைக்கும் பொறுத்திரு என்று அம்மா சொன்னாள், பொறுக்க முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை தோட்டத்துக்குப் போனேன். கோயில் வாசலில் எல்லாரையும் கூட்டச் சொன்னேன். அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். உனக்கு எழுதியதையே சொன்னேன். என் பிழையை முதலில் சொன்னேன், உன்னுடையதைப் பிறகு சொன்னேன். வீரசிங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன்.

பிறகு முருகையா மச்சான் எழுந்தார். அவர் குரல் உயரவே இல்லை. “முந்தியெல்லாம் மழ கூடுச்சுன்னா நாங்களே புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஓடிருவோம். நீங்க சங்கு மாட்டுனதுக்குப் பொறவு ஒருத்தரும் மலையப் பாக்கல, சங்கத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. எம்பொண்டாட்டி சங்கு ஊதட்டும்னு புள்ளைக்குச் சட பின்னிக்கிட்டு இருந்திருக்கா” என்றார். நான், “ஆமா மச்சான்” என்றேன்.

அந்த ‘ஆமா’வுக்குத்தான் அடி. கூடாரம் அடிக்க வைத்திருந்த கட்டையை எடுத்தார். முதல் அடி தோளில் விழுந்தது, எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்ததும் முதுகில் மிதித்தார். ஒரு பெண் என் தலைமயிரைப் பிடித்து இழுத்து, “வீரசிங்கத்துக்கிட்ட எவ்வளவுடி வாங்குன?” என்று கேட்டாள். இரண்டு பல் போய்விட்டது. கோயில் மணியை அடித்து யாரோ நிறுத்தினார்கள். அதுவும் இல்லாவிட்டால் அங்கேயே முடிந்திருப்பேன்.

மச்சான் கடைசியாகச் சொன்னதைத்தான் நீ கவனமாக வாசிக்கவேண்டும். “ரூபன் வாயால சொல்லட்டும், நம்புறேன். இவ கொழும்புக்காரி, இவ பேச்சு எதுக்கு? பதினேழாந் தேதி அந்த நாயும் சாட்சி சொல்லக் கோட்டுக்கு வரும்ல, திரும்பி வீட்டுக்குப் போகாது” என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. யார் பேரும் சொல்லாமல் போலீஸிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கோர்ட்டுக்குக் காவல் போடுவார்கள். மறுநாள்? அதற்கு மறுநாள்? வீரசிங்கம் அதே தோட்டத்துக்குத்தானே போகவேண்டும். இந்தக் கடிதத்தை அங்கே தமிழ் தெரிந்த அதிகாரி யாராவது திறந்து வாசித்தால் வாசிக்கட்டும்.

வீரசிங்கம் இதே ஆஸ்பத்திரிக்குத்தான் புண் கட்ட வருகிறார். ஆள் சொல்லி அனுப்பினேன், வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவர் அழவில்லை. மொட்டைக் கையைத் துவாலையோடு என் முகத்துக்கு நேரே நீட்டினார். “சொல்லிட்டல்ல, இப்ப மொளச்சிருமா இது? அன்னைக்கு அவன் வெட்டுறப்ப ஒருத்தன் கேட்டானா, நீ செஞ்சியான்னு? நான் கெட்டவன்தான், வேல வேலன்னு நாக்கப் புடுங்குறாப்புல பேசுனவன்தான். அதுக்காக எம்புள்ளைங்க தெருவுல நிக்கணுமா? சங்கு ஊதலன்னதும் நானே லயத்துக்குக் கீழ எறங்கிப் போய்ப் பாத்தேன். அப்பத்தான் மல வந்துச்சு. அஞ்சு பேர நான் இழுத்துப் போட்டேன். அந்தக் கையாலதான் இழுத்துப் போட்டேன்” என்றார். பிறகு கெட்ட வார்த்தையால் உன்னைத் திட்டினார். நானும் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

நீ சொல்லாவிட்டால் அவர் செத்துவிடுவார். சொன்னால் உனக்கு வருஷங்கள் கூடும், முருகையா மச்சானும் உன்னை விட்டுப் போய்விடுவார். உனக்கு வேறு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். வாயைக் கிழிப்பேன் என்றாயே, மற்றவர்கள் முந்திவிட்டார்கள். உனக்கு அந்த வேலை மிச்சம்.

பதினேழாம் திகதி நான் கோர்ட்டுக்கு வரமாட்டேன். டொக்டர் விடமாட்டார். சொல்லிவிடு ரூபன்.

யசோ

*

பதுளைச் சிறைச்சாலை
23.2.2025

யசோவுக்கு,

சொல்லிவிட்டேன்.

கூண்டில் ஏறும்வரை சொல்லமாட்டேன் என்றுதான் இருந்தேன். அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. றினாஸ் எழுந்து ஆத்திரத்தில் நடந்த சம்பவம் என்று தொடங்கினார். மண்டபத்தின் பின்னால் நம் ஆட்கள் இருபது பேர். அண்ணன் கடைசி வாங்கில் உட்கார்ந்து வீரசிங்கத்தின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். வீரசிங்கம் முன் வாங்கில் இருந்தார். சாட்சிக்குக் கையெழுத்து வாங்குவதற்காக ஒருவர் அவரிடம் பேனாவை நீட்டினார். அவர் இடக்கையால் வாங்கி, பேரை எழுத முடியாமல் ஒரு கோட்டைக் கிழித்தார். இரண்டு தரம் கிழித்தார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை, கையைத் தூக்கிவிட்டேன்.

பேசலாம் என்றார்கள். மொழிபெயர்ப்பவர் நீதவானைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் பின்னால் திரும்பித்தான் சொன்னேன். “வயர யாரும் அறுக்கல. நான் எழுதுனதுலதான் பெழ. அதான் சங்கு ஊதல. டவர் செத்தா அது நின்னுரும்னு நான் பாக்கல. கணக்கப்பிள்ளை ஐயா ஒண்ணும் செய்யல. நான் கேக்காம கொள்ளாம வெட்டிட்டேன்” என்றேன். உன் பேரைச் சொல்லவில்லை. உன் பங்கை நீயே போய்ச் சொல்லி அடியும் வாங்கிவிட்டாய். றினாஸ் கோப்பை மூடிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு பெண் ஓவென்று கத்தினாள். வீரசிங்கம் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

திரும்பிப் போக சிறை பஸ்ஸில் ஏற்றியிருந்தார்கள். அண்ணன் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் வந்தார். “எவ்வளவு நேரம்டா அது நின்னுச்சு?” என்று கேட்டார். “இருவத்தொம்பது நிமிசம்ணே” என்றேன். பிறகு, “மதுவுக்கு லயத்துலருந்து பள்ளிக்கூடத்துக்கு நடக்க எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டார். “ஏழு நிமிசம்ணே” என்றேன். நானே எத்தனை தரம் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறேன். அவரும் தலையை ஆட்டினார், ஏழுதான் என்று.

சூரிக்கத்தி வைத்திருந்தார். கம்பிக்கு இடையால் கையை விட்டுக் குத்தினார். விலாவுக்குக் கீழே இறங்கியது. உருவி இன்னொரு தரம் குத்தினார். விலக இடம் இருந்தது யசோ. விலகவில்லை. மூன்றாவதற்குள் பிடித்து விலங்கு போட்டுவிட்டார்கள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு போனார்.

குடல் தப்பிவிட்டதாம். உள்ளேயும் வெளியேயும் தையல். ஐந்து நாளில் இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். வீரசிங்கம் அன்றைக்கே தோட்டத்துக்குப் போய்விட்டாராம். கோர்ட் வாசலில் கூட்டம் விலகி வழி விட்டதாம். ஒருவரும் தொடவில்லையாம். அதைக் கேட்க நீ விரும்புவாய் என்றுதான் முக்கியமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எனக்கு எத்தனை வருஷம் என்று அடுத்த தவணையில் தெரியும். குறைத்துக் கேட்கவேண்டாம் என்று றினாஸிடம் சொல்லிவிட்டேன், அவர் என்னைத் திட்டுகிறார்.

அண்ணனையும் இங்கேதான் அடைத்திருக்கிறார்கள். வேறு வார்டு, ஆனால் தண்ணீர்க் குழாய் பொது. நேற்றுக் காலை வாளியோடு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் நின்றேன். என் வாளியையும் வாங்கிக் குழாயில் வைத்தார். நிரம்பும்வரை காத்து நின்றோம்.

“வலிக்குதாடா?” என்று கேட்டார்.

“இல்லண்ணே” என்றேன்.

“வலிக்கணும்” என்று சொல்லிவிட்டு, தன் வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

ரூபன்